பேசுவது பிழையன்று, வாக்குத் தவறுவதே பிழை

அணுகுண்டு தாங்கிய அடக்குமுறை ஆட்சிகளோடு சனநாயக நாடுகள் பேசலாமா? வட கொரியாவை முன்னிட்டு உலகம் இன்றும் கேட்கும் கேள்வி இது. கொடுங்கோலரோடு பேசுவது கொடுமைக்குத் துணைபோவதே என்பர் ஒரு சாரார்.

இலங்கை இதற்கு அன்றே விடை கண்டது. பொதுவுடைமையை வெறுத்த டட்லி சேனநாயக்கா அரசுதான் 1952 இல் செஞ்சீனத்துடன் ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்பது ஏற்பாடு. அமெரிக்கா உதவி மறுத்தது. ஆயினும் ஒருகொடவத்தைத் தொழிலாளியின் வீட்டில் உலை கொதித்தது. 1964 இல் சீனா அணுகுண்டு வெடித்த பின்னரும் ஒப்பந்தம் முறியவில்லை. 1982 வரை நீடித்தது. அதைத் தவறென்று நாம் கூறோம்.

ஆனால், 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தமோ ஓராண்டும் வாழவில்லை. 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. பீக்கிங்கிடம் அரிசியும் இருந்தது, படையும் இருந்தது. தமிழரிடம் இருந்தது அறப்போர் ஒன்றே!

வலியவனுக்களித்த வாக்கைக் காத்து, எளியவனுக்களித்த வாக்கைக் கிழிக்கும் சனநாயகம், ஆயுதத்துக்கே மதிப்பு என்ற பாடத்தை உலகுக்குப் புகட்டுகிறது. குண்டு செய்யும் ஆசை அந்தப் பாடத்தில்தான் முளைக்கிறது. எதிரியோடு பேசுக, சொந்தக் குடிமக்களுக்கு அளித்த வாக்கை முதலில் காக்க!