312ஆம் பிரிவைச் சுவரில் ஒட்டுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகே பாப்பான் என்ற பழைய ஈயச் சுரங்க ஊரில் 74ஆம் எண் கடைவீடு இன்னும் நிற்கிறது. ஜப்பானியர் காலத்தில் தாதியும் மருத்துவச்சியுமான சிபில் கார்த்திகேசு அங்கேதான் மருத்துவம் பார்த்தார். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து இரவில் இறங்கி வந்த போராளிகளுக்கும் கட்டுப்போட்டார். 1943இல் பிடிபட்டு, சொல்லக் கூசும் சித்திரவதைகளை அனுபவித்தார். ஆனாலும் தம்மை நம்பி வந்தவர்களை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் காயங்கள் ஆறாமலேயே 1948இல் இறந்தார்.

அவரை இன்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. 2014இல் பக்கத்து மாநிலமான பினாங்கில், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கிளினிக்கில் நடந்த சோதனையில் 24 வயது நேபாளத் தொழிலாளி ஒருவர் கைதானார். கருக்கலைப்புக்காக அங்கே போயிருந்தார். நம் நாட்டில் வெளிநாட்டுத் தொழிலாளி கருவுற்றால் வேலையும் போகும், ஊருக்கும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குற்றவியல் சட்டத்தின் 315ஆம் பிரிவின் கீழ் அந்தப் பெண்ணுக்கு 12 மாதச் சிறை விதிக்கப்பட்டது. பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் போராடிய பிறகே மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. சிபில் தம்மை நாடி வந்தவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை; இங்கேயோ மருத்துவர் ஒருவரை நாடிப் போன பெண், அந்தக் கிளினிக் வாசலிலிருந்தே சிறைக்குப் போனார். பேராக்கில் எந்தப் பெண்ணுக்கும் இப்படி நேரக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? அதே குற்றவியல் சட்டத்தில், 1989இல் திருத்தப்பட்ட 312ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கரு தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மனநலத்துக்கோ கலைப்பதால் வருவதைவிடக் கூடுதலான ஆபத்து நேரும் என்று பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் கருவைக் கலைக்கலாம். அது குற்றமாகாது. அரசு மருத்துவமனைகளுக்குச் சுகாதார அமைச்சு 2012இல் வழிகாட்டியும் வெளியிட்டது. இந்தச் சட்டம் நமக்குப் போதாது என்பதே எங்கள் கருத்து. பெண்ணின் சொல்லுக்கு அதில் இடமில்லை. முடிவெல்லாம் மருத்துவர் கையில். ஆனால் இருக்கிற உரிமைகூடப் பெண்களுக்குத் தெரியாமல் கிடப்பதுதான் இன்றைய பெரிய அநியாயம். இனப்பெருக்க உரிமைக்கான கூட்டமைப்பு 2007இல் 120 மருத்துவர்களையும் தாதியரையும் விசாரித்தபோது, அவர்களிலேயே 43 விழுக்காட்டினருக்குச் சட்டம் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. வெள்ளைக்கோட்டு அணிந்தவருக்கே தெரியாததைப் பால்மரம் சீவியவளின் பேத்தி எங்கே போய்த் தெரிந்துகொள்வாள்?

தோட்டத்துப் பெண்களின் கதையை நம் வீடுகளில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவப் போக வேண்டும். மூன்றோ நான்கோ பிள்ளைகள் லயத்து வாசலில் நிற்க, நாள் தள்ளிப்போனால் யாரிடம் சொல்வது? தோட்டத்து டிரசரிடம் சொன்னால் அடுத்த நாள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். பப்பாளிக்காய், அன்னாசி, கிழவி அரைத்துக் கொடுத்த ஏதோ ஒன்று. தப்பியவர்கள் பேசவில்லை, தப்பாதவர்களைப் பற்றி ‘காய்ச்சல்’ என்றார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் சுங்கை சிப்புட்டின் தாமான்களுக்கும் புந்தோங்கின் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. கிழவியின் இடத்தில் இப்போது கைப்பேசி. முகம் தெரியாதவரிடம் பணம் கட்டி, என்னவென்று தெரியாத மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள். மிஃபெப்ரிஸ்டோனை உலகச் சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இங்கே அது பதிவே செய்யப்படவில்லை. முறையான மருந்துக்குக் கதவை அடைத்தால் பெண்கள் நின்றுவிடுவதில்லை, கள்ளச் சந்தைக்குப் போகிறார்கள்.

கருவும் உயிர்தானே என்று கேட்பவர்களின் மனச்சான்றை நாங்கள் மதிக்கிறோம். கலைக்க மறுக்கும் மருத்துவரையும் யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் மறுப்பவர், செய்யக்கூடிய இன்னொரு மருத்துவரிடம் அனுப்பிவைக்கக் கடமைப்பட்டவர். திட்டியோ மிரட்டியோ அனுப்புவதற்கு எந்த மருத்துவ நெறியும் இடம் தராது. மதத்தின் பெயரால் எல்லாம் மூடப்பட்டுவிட்டது என்பதும் சரியல்ல: தேசிய ஃபத்வா குழுவே 120 நாளுக்குள் சில நிலைகளில் இதற்கு இடம் தருகிறது. கடலுக்கு அப்பால் சிங்கப்பூரில் 1970 முதல் கருக்கலைப்பு சட்டபூர்வமாகவே நடக்கிறது. நமது 312ஆம் பிரிவுக்கு மூலமான அதே ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்தை இந்தியா 1971இலேயே தளர்த்திவிட்டது.

அமெரிக்காவில் கிளினிக் வாசலில் கூச்சலிடும் கூட்டத்தைக் கடந்து பெண்களை உள்ளே அழைத்துச் செல்லத் தன்னார்வலர்கள் தோளோடு தோள் நின்றார்கள். ஈப்போவில் அப்படிக் கூட்டம் ஏதும் நிற்பதில்லை. இங்கே பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அறியாமையும் அச்சமும். ஆகவே இங்கே கிளினிக்கைக் காப்பது என்றால் சட்டப்படி நடக்கும் மருத்துவருக்குப் பாதுகாப்புத் தருவது, நோயாளியின் பெயரை வெளியே விடாதிருப்பது, வந்த பெண்ணை எந்தச் சோதனையிலும் குற்றவாளியாக்காதிருப்பது. மாநிலச் சுகாதாரத் துறையும் காவல் துறையும் இதை எழுத்தில் உறுதி கூறட்டும்.

பள்ளியிலும் இது தொடங்க வேண்டும். இனப்பெருக்கச் சுகாதாரக் கல்வி பாடத்திட்டத்தில் இருக்கத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தைப் புரட்டிவிடும் ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்க வேண்டும். மாதவிலக்கு, கருத்தடை, சம்மதம், சட்டம் ஆகிய நான்கையும் தெரியாமல் நம் பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, ஐந்தாம் படிவத்தை முடிக்கக் கூடாது.

ஆகச் சுலபமானதை நாளைக்கே செய்யலாம். 312ஆம் பிரிவின் விதிவிலக்கை மலாய், தமிழ், சீனம், நேபாளி மொழிகளில் பத்து வரியில் எழுதி, பேராக்கின் ஒவ்வொரு அரசு சுகாதார மையத்திலும் ஒட்டுங்கள். டெங்கிச் சுவரொட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.