சந்தாவில் பிறந்த வானொலி

சந்தா சேர்ப்பதன் அருமை நம் ஆனைக்கரை அன்பர்கள் அறியாததன்று. சென்னையில் வானொலி தோன்றியதும் ஒரு சங்கத்தின் முயற்சியாலேயாம்.

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பார் இங்கிலாந்திலிருந்து கருவிகள் கொணர்ந்து, நண்பர்களைக் கூட்டி, 1924 மே 16-இல் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை நிறுவினார். ஜூலை 31-இல் ஒலிபரப்புத் தொடங்கிற்று. முதற் கருவியின் ஆற்றல் 40 வாட். பழைய குண்டு விளக்கு ஒன்று எரியும் அளவே!

கம்பியின்றி ஒலி செல்வது எங்ஙனம்? ரயில்வேயில் உழலும் நமக்குத் தோன்றும் உவமை இது: சரக்கை வண்டியில் ஏற்றுவதுபோலப் பேச்சொலியை மின்காந்த அலைமீது ஏற்றுகின்றனர், கேட்போர் வீட்டுப் பெட்டி அதனை இறக்கித் தருகிறது.

ஆனால் அப்பெட்டி வாங்க வல்லார் அந்நாளில் மிகச் சிலரே. பணமுடையால் 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. சங்கத்தார் கருவியைச் சென்னை நகராண்மைக் கழகத்துக்கு வழங்கினர். நாம் போற்றுவது இச்செயலையே. 1930 ஏப்ரல் 1 முதல் நகராண்மையார் ஒலிபரப்பினர். கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தமையால், பெட்டியில்லாதோரும் மணலில் அமர்ந்து சங்கீதம் கேட்டனர். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழவே, நகராண்மையின் பணி ஓய்ந்தது. மறு ஆண்டு மே 16-இல் திருச்சி நிலையமும் வந்தது.