பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில்: மலையகப் பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா பகுதித் தோட்டங்களில் வாழும் பெற்றோரும் இளைஞர்களும் ஆசிரியர்களும் கூடி இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். எமது பிள்ளைகளுக்குக் கணினிச் செய்நிரலாக்கத்தை அடிப்படையிலிருந்து கற்பிக்கும் விடுமுறை வகுப்பு வேண்டும். அது தோட்டத்துக்குள், தமிழில், கட்டணமின்றி நடக்க வேண்டும். இந்தக் கல்வி எமது பிள்ளைகளுக்கு உரியதுதானா என்று எவரோடும் வாதாட நாம் வரவில்லை. எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்கவே வந்திருக்கிறோம்.

தாமதத்தை நாம் தலைமுறைகளாக அறிவோம். இந்நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை எழுபதுகளின் பிற்பகுதியில்தான் சூடு பிடித்தது. 1948இல் பறிபோன குடியுரிமை, இந்நாட்டில் எஞ்சியிருந்த அனைவருக்கும் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். 1,000 ரூபா நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் ஏறியது. மறு ஆண்டே ரூபா சரிந்து, அதைக் கேட்கத் தொடங்கிய காலத்தில் அந்தத் தொகைக்கு இருந்த பெறுமதியும் போனது. கணினிக் கல்வியும் அதே வரிசையில் நிற்க நாம் விடமாட்டோம்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் கணினி அறிவுக் கணக்கில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று பிரிவுகள் உண்டு. தோட்டமே கடைசியில் நிற்கிறது. அந்தக் கணக்கின் அளவுகோல் கடுமையானதும் அல்ல. ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் தானாக ஒரு விளையாட்டு விளையாடினாலே கணினி அறிவு உள்ளவராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த அளவுகோலிலும் நாம் கடைசி என்றால், எமது பிள்ளைகளின் கைக்குக் கணினியே வந்து சேரவில்லை என்பதுதான் பொருள்.

ஆகவே எமது முதற் கோரிக்கை காலத்தைப் பற்றியது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் இந்த வகுப்பு நடக்க வேண்டும். சட்டப்படி 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021 முதல் 16தான். சாதாரண தரம் எழுதும் வயதும் அதுவே. பரீட்சை முடிந்த மறு வாரமே தரகர்கள் லயங்களுக்கு வந்துவிடுகிறார்கள். கொழும்பில் கடை இருக்கிறது, பங்களாவில் வேலை இருக்கிறது, பெறுபேறு வரும்வரைதானே என்கிறார்கள். கஷ்டத்தில் இருக்கும் வீடு அதற்கு இணங்கிவிடுகிறது. பெறுபேறு வரும்போது பிள்ளை அங்கே ஒரு சம்பளத்துக்குப் பழகியிருப்பான், வீடும் அந்தப் பணத்துக்குப் பழகியிருக்கும். உயர்தர வகுப்புக்குத் திரும்பி வராத பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள், அவர்களை நாம் பெயர் சொல்லி அறிவோம். அந்த மாதங்களில் பிள்ளையைத் தோட்டத்தில் நிறுத்திவைக்க ஒரு காரணம் வேண்டும். கிழமைக்கு நான்கு நாள், நாளுக்கு மூன்று மணித்தியாலம் நடக்கும் வகுப்பு அந்தக் காரணமாகும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதன் சிறிய வடிவத்தை ஏப்ரல், ஓகஸ்ட் விடுமுறைகளில் நடத்தலாம்.

வகுப்பு பிள்ளை நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். கணினி அறை பெரும்பாலும் நகரத்துப் பெரிய பாடசாலையில்தான் இருக்கிறது. தோட்டத்துப் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓடுகிறது. ஏப்ரலில் நுவரெலியா நகரம் வசந்த காலச் சுற்றுலாவில் நிரம்பி, எமது பிள்ளைக்குப் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. தோட்டப் பாடசாலை, சனசமூக நிலையம், கோயில் மண்டபம் ஆகியவை விடுமுறையில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து, மின் இணைப்பைச் சரிபார்த்து, கூரை ஒழுகாமல் செய்தால் போதும். புதிய கட்டடம் கேட்கவில்லை, எனவே அடிக்கல் நாட்டு விழாவுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கணினி வேண்டும். கைத்தொலைபேசியில் படிக்கச் சொல்லும் யோசனையை நாம் ஏற்கமாட்டோம். 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடியிருந்தபோது வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி வேலைக்குப் போனவரோடு போயிற்று. தொலைபேசி கிடைத்த பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறினார்கள். செய்நிரல் எழுதக் கற்க விசைப்பலகை வேண்டும், ஆனால் இணையம் எப்போதும் வேண்டியதில்லை. ஸ்கிராச், பைதன் போன்ற இலவச மென்பொருள்களை ஒருமுறை நிறுவிவிட்டால் இணைப்பின்றியே இயங்கும். அலுவலகங்களும் வங்கிகளும் கழிக்கும் பழைய மடிகணினிகளில் லினக்ஸ் போட்டாலே இந்த வேலைக்குப் போதும். எமது ஈரக் காற்றில் கருவிகளில் பூஞ்சணம் பிடிக்கும், இடி மழையில் மின்சாரம் அவற்றை எரித்துவிடும். ஆகையால் மூடிவைக்கப் பெட்டியும், மின் பாதுகாப்புச் சாதனமும், பழுது பார்க்கப் பொறுப்பான ஒருவரும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு பழுதாகிப் பூட்டப்பட்ட கணினி அறைகளை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

இணையத்தில் இலவசப் பாடநெறிகள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நடத்தும் பைதன் பாடநெறி நல்ல முயற்சி, எமது பிள்ளைகளும் அதைப் படிக்க வேண்டும். ஆனால் இதற்குமுன் விசைப்பலகையைத் தொடாத பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். வகுப்புக்கு இருவர் தேவை: தகவல் தொழினுட்பம் கற்ற ஓர் ஆசிரியரும், இதே தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன ஓர் இளைஞரும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் எமது பட்டதாரிகளும் இருக்கும்போது ஆளில்லை என்ற பதில் எடுபடாது. அவர்களுக்கு முறையான சம்பளம் கொடுக்க வேண்டும். ஆசிரிய உதவியாளர்களை மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் அமர்த்திய முறை இங்கே மறுபடி வேண்டாம்.

பாடம் தமிழில் நடக்க வேண்டும், எமது வாழ்க்கையைத் தொட்டு நடக்க வேண்டும். இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். அம்மாவின் சம்பளச் சீட்டு இந்த வகுப்பின் முதற் பாடநூலாக இருக்கலாம். கொழுந்து நிறுவையில் நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம், கூடினால் மேலதிகக் கிலோவுக்குப் பணம். செய்நிரலாக்கத்தில் நிபந்தனை என்பதை விளங்க இதைவிட நல்ல உதாரணம் எமது பிள்ளைக்குக் கிடைக்காது. மாதம் முழுவதும் நாளுக்கு நாள் அதே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்வது மடக்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத்தின் தவணை ஆகியவற்றைக் கழித்தால் கைக்கு வருவது எவ்வளவு? இருபது வரிச் செய்நிரல் அதைச் சொல்லிவிடும். சீட்டில் உள்ள தொகையும் கணினி சொல்லும் தொகையும் ஒன்றா என்று பிள்ளையே பார்த்துக்கொள்வாள். பைதன் மொழியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் கட்டளைகளையும் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் தேவைதான், அதை வகுப்பு போகப் போகக் கற்றுக்கொடுக்கலாம். வாசலிலேயே ஆங்கிலத்தை வைத்துப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது.

இடங்களில் பாதி பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். வகுப்பு பிற்பகல் மூன்றுக்குள் முடிய வேண்டும். பனி இறங்கிய பிறகு சிறுத்தை நடமாடும் தேயிலை மலை வழியே எந்தப் பிள்ளையும் தனியே வீடு திரும்பக்கூடாது. மதியச் சாப்பாடும் தர வேண்டும், ஏனெனில் கொழுந்து எடுக்கப் போன தாய் அந்நேரம் வீட்டில் இருக்கமாட்டாள்.

செலவை யார் ஏற்பது என்று துறைகள் ஒன்றையொன்று கைகாட்டுவதை நாம் அனுமதிக்க மாட்டோம். ஆசிரியர் சம்பளம் மத்திய மாகாணக் கல்வித் திணைக்களத்தின் பொறுப்பு. கணினிகள் டிஜிட்டல் பொருளாதார அமைச்சின் பொறுப்பு. கட்டடத்தைத் திறந்து பராமரிப்பது, 1992 முதல் இத்தோட்டங்களை நடத்தும் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பு. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் மேல் கொத்மலையின் 150 மெகாவாட் திட்டமும் எமது மலைகளின் நீரைக் கொண்டுதான் நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன. அந்த மின்சாரத்தில் இருபது மடிகணினிகள் எமது பிள்ளைகளுக்காக ஓடுவது பெரிய செலவல்ல. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.டி. ஹப் பாடசாலை மாணவர்களையும் சேர்த்துப் பல ஆண்டுகளாகத் தொழினுட்பப் போட்டிகளை நடத்திவருகிறது. அத்தகைய அனுபவசாலிகளை அழைத்துப் பாடத்திட்டத்தை ஒரு மாதத்தில் தயாரிக்கலாம்.

தொடக்கமாக ஹட்டன், நுவரெலியா கல்வி வலயங்களில் பத்துத் தோட்டங்களைத் தெரிவுசெய்து, அடுத்து வரும் சாதாரண தரப் பரீட்சை முடிந்த இரண்டு வாரங்களுக்குள் வகுப்பைத் தொடங்குங்கள். ஒவ்வொரு நிலையத்தையும் பெற்றோர், ஆசிரியர், இளைஞர் அடங்கிய குழு கண்காணிக்கும். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் உயர்தரத்துக்குத் திரும்பினார்கள் என்பதைத் தமிழில் வெளியிட வேண்டும்.

இச்சாசனம் மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும், இரு வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், சம்பந்தப்பட்ட அமைச்சர்களுக்கும், கம்பனி முகாமையாளர்களுக்கும் நேரில் கையளிக்கப்படும். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பதிலில் தோட்டங்களின் பெயர்களும், பொறுப்பான அதிகாரியின் பெயரும், வகுப்பு தொடங்கும் தேதியும் இருக்க வேண்டும்.