கீரிப்பிள்ளையிடம் குழந்தையை விட்டுச் சென்றவர்கள்

பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரிப்பிள்ளையை, அதன் வாயிலிருந்த குருதியைக் கண்டு பதறிய தாய் கொன்றுவிட்ட கதையை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் அது கிளைக்கதையாக வருகிறது, பஞ்சதந்திரத்திலும் உண்டு. வேல்ஸ் நாட்டில் கீரிக்குப் பதில் கெலர்ட் என்னும் வேட்டை நாய், பாம்புக்குப் பதில் ஓநாய். எல்லா வடிவங்களிலும் குழந்தை பிழைக்கிறது, உண்மையுள்ள விலங்கு சாகிறது, ஆராயாது செய்யாதே என்று நமக்கு அறிவுரை கிடைக்கிறது. தொட்டிலில் கிடந்த குழந்தையை ஒரு விலங்கின் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டுப் பெரியவர்கள் எங்கே போனார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எனக்கும் இக்கேள்வி சென்ற ஆண்டு ஹனூரில் தங்கியிருந்தபோதுதான் எழுந்தது. என் ஆய்வு நடுகற்கள் பற்றியது. நாய் வளர்ப்பில் எனக்குப் புலமை ஏதுமில்லை. அக்காவை அப்பகுதியில் மணமுடித்துக் கொடுத்திருக்கிறோம். 1956 வரை கொள்ளேகால் வட்டத்தோடு கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர் மைசூரு மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர மாவட்டத்திலும் இருக்கும் ஊர் அது. ஒருபுறம் மலை மாதேஸ்வரன் காடுகள், மறுபுறம் காவிரிக் காடுகள். தோட்டத்து வீடுகளில் ஒரு நாயோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை. அக்கா வீட்டில் கருப்பன், மணி, தானாக வந்து சேர்ந்த பெயரில்லாத ஒரு பெட்டை, வைக்கோற்போரடியில் அது ஈன்ற குட்டி என நான்கு. குழந்தைகள் இருவர்: நான்கு வயதுப் பையன், ஒன்றரை வயதுப் பெண்.

இந்நாய்கள் கொஞ்சுவதற்காக வளர்க்கப்படுபவை அல்ல. பன்றியை விரட்டவும் அயலாரைத் தடுக்கவும் சோறிடப்படுபவை. இது புதிதுமன்று. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாய் தன் தலைவனருகே நிற்கிறது. ஹனூருக்கு அண்மையிலுள்ள மண்டியா மாவட்டத்து ஆதகூரில், காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் நாய்க்குப் பத்தாம் நூற்றாண்டில் கல் நட்டார்கள். இரண்டு கற்களும் போற்றுவது பல்லை. அந்தப் பல்லைக் காவலுக்கு அமர்த்திக்கொண்டு, அது நம் குழந்தையைத் தீண்டாது என்று நம்பவும் செய்கிறோம். ‘எங்க நாய் கடிக்காது’ என்ற சொற்றொடரை அவ்வூரில் நான் கேட்காத வீடில்லை. சென்னையில் அடுக்ககவாசிகளும் இதையே சொல்கிறார்கள். நாயின் விலை மட்டும் வேறு.

அங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாலை பையனைக் குளிப்பாட்டும்போது அவன் மணிக்கட்டில் காய்ந்துபோன இரண்டு பற்குறிகளை அக்கா கண்டாள். ஐந்து நாட்களுக்கு முன் குட்டியோடு விளையாடுகையில் பட்டது. ஏன் சொல்லவில்லை? முன்பொருமுறை மணி அவனைக் கீறியபோது தாத்தா, “இன்னொரு தரம் பல்லு பட்டுச்சுன்னா சாக்குல கட்டிக் காட்டுல விட்டுட்டு வந்துருவேன்” என்று சொல்லியிருந்தார். பிள்ளை குட்டியைக் காப்பாற்றியிருக்கிறான். தன் உயிரைப் பணயம் வைத்து என்பது நான்கு வயதில் எப்படித் தெரியும்?

அன்றிரவே ஊசி தொடங்கப்பட்டது. குட்டியும் பத்து நாட்களைத் தாண்டி உயிரோடிருந்தது. ஆனால் அந்த ஐந்து நாட்கள் இன்னும் என்னை உறங்கவிடவில்லை. வெறிநோய் அறிகுறி காட்டிவிட்டால் ஏறக்குறைய மீட்பே இல்லை. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவதும், தாமதமின்றித் தடுப்பூசி போடுவதும், குருதி கண்ட கடியானால் காயத்தில் எதிர்ப்புப் புரதம் செலுத்துவதும்தான் வழி. நாயைப் பத்து நாள் கவனிப்பது ஊசியைத் தொடங்கிய பிறகு செய்யவேண்டியது; ஊசிக்குப் பதிலாகச் செய்வதன்று. வெறிநாய் எனச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் 40 விழுக்காட்டினர் பதினைந்து வயதுக்குட்பட்டோர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறு குழந்தையின் உயரத்தில் கடி முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. அங்கிருந்து மூளைக்குத் தொலைவு குறைவு.

நாயை விரட்டிவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. குழந்தையைத் திட்டுவதிலும் பயனில்லை. பல நாய்கள் உள்ள வீட்டில் ஆபத்து பெரும்பாலும் ஒரு நாயின் குணத்தில் இல்லை, குறிப்பிட்ட சில பொழுதுகளில் இருக்கிறது. சோறு வைக்கும் பொழுது. குட்டி ஈன்ற நாயை நெருங்கும் பொழுது. உறங்கும் நாயைக் கட்டியணைக்கும் பொழுது. ஒரு நாய் குரைக்க மற்றவை பாய, நடுவே குழந்தை ஓடும் பொழுது. நாய்கள் தமக்குள் சண்டையிடும்போது அருகில் நிற்பவர் மீது திரும்பும் கடிக்குப் பகையே தேவையில்லை. நாயும் முன்னறிவிக்காமல் இருப்பதில்லை: முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், உடலை விறைக்கும், பிறகு உறுமும். உறுமியதற்காக அடித்தோமானால், அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும் நாயை நாமே உருவாக்குகிறோம். இவற்றை நான்கு வயதுப் பிள்ளை படித்தறிய மாட்டான். அருகில் ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிராத பெரியவர். (தோட்ட வேலைக்கிடையில் அது யாரால் முடியும் என்ற கேள்வி நியாயமானது. எல்லா வீட்டிலும் அந்தப் பெரியவர் பெண்ணாகவே இருப்பதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.)

நாய் கூடினால் காவல் கூடும் என்பதும் அரைகுறை உண்மைதான். மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் உணவை ஆராய்ந்தவர்கள், அதில் வீட்டு நாய்களே மிகப்பெரும் பங்கு வகிப்பதைக் கண்டார்கள். காடோரத்து வீட்டில் நான்கு நாய்கள் இருப்பது சிறுத்தைக்கு அழைப்பாகவும் ஆகலாம்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி, பதினோரு நாட்களில் அதைத் திருத்தியபோது, நம் பல்கலைக்கழக வட்டாரம் இரு அணியாகப் பிரிந்து எழுதிக் குவித்தது. தெருநாய் என்ற சொல்லைத் தாண்டி அவ்விவாதம் போகவேயில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் வளர்ப்புநாய்க்கு உரிமையாளரையும் தெருநாய்க்கு உள்ளாட்சியையும் பொறுப்பாக்குகின்றன. ஹனூர்த் தோட்டத்துப் பெட்டை இவற்றுள் எது? சோறு அக்கா வீட்டில், திரிவது ஊரெங்கும், குட்டி வைக்கோற்போரடியில். யாருடையதும் அல்லாத அந்த நாயோடுதான் நம் பிள்ளை நாள் முழுதும் விளையாடுகிறான்.

இப்போது சோற்று வேளையில் திண்ணைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் தட்டி வைக்கப்படுகிறது. நாய்களுக்குத் தனித்தனி இடத்தில் தட்டு. சாக்குப் பேச்சு நின்றது. உடம்பில் கீறல் பட்டால் ஓடிவந்து சொல்கிறவனுக்கு வெல்லக்கட்டி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் மாமா நான்கையும் தடுப்பூசிக்குக் கொண்டுபோனார். கருப்பனுக்கும் மணிக்கும் உடனே பதிந்தாயிற்று. பெட்டைக்கு உரிமையாளர் யார் என்று எழுதுபவர் கேட்டபோது, “அது எங்களுது இல்லீங்க, சும்மா வரும்” என்றார் மாமா. எழுதுகோல் அப்படியே நின்றது. பையன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான். சற்றுநேரம் கழித்துத் தம் பெயரையே சொன்னார்.