பட்டத்தைத் தெரிவுசெய்பவர் யாவர்?

"எத்துறையிற் பட்டம் பெற விரும்புகின்றாய்?" என்று மாணவனைப் பார்த்து வினவுதல் எமக்கெல்லாம் வழக்கமாயிற்று. தெரிவுசெய்யும் உரிமை அவன் கையிலேயே உள்ளது என்னும் எண்ணம் அவ்வினாவிற் பொதிந்து கிடக்கின்றது. ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்த எனக்கு அவ்வெண்ணத்தில் நம்பிக்கை குன்றிவிட்டது.

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960 இல் சர்வகலாசாலையிற் கலைப் பாடங்கள் தாய்மொழிகளிற் போதிக்கப்படலாயின. கிராமத்துப் பிள்ளைகள் பெருந்தொகையினராய் உயர்கல்வி பெற வந்தனர். இவை சிறிய காரியங்களல்ல. ஆயினும் அவர்கள் புகுந்த வாயில் பெரும்பாலும் கலைப்பீடத்து வாயிலே. கலைப் பாடங்களை ஆசிரியரும் கரும்பலகையும் நூல்களும் கொண்டு நடத்திவிடலாம். பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஆய்வுகூடம் வேண்டும். இன்றும் இந்நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பிப்பவை ஏறத்தாழ 1,000 மாத்திரமே.

வன்னிக் கிராமத்து மாணவர் ஒருவரை யான் அறிவேன். சாதாரணதரப் பரீட்சையிற் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் மிகச் சிறந்த சித்தி எய்தியவர். ஊர்ப் பாடசாலையிற் கலை, வர்த்தகம் என்னும் பிரிவுகளே இருந்தன. பட்டணத்திலே தங்கிப் படிப்பதாயின் விடுதிக் கட்டணமும் தனியார் வகுப்புக் கட்டணமும் வேண்டும்; தந்தையாரோ கூலிவேலை செய்பவர். ஆகவே மகன் கலைமாணியானார். பின்னர் அரசாங்க நியமனத்தை எதிர்பார்த்து நெடுங்காலம் காத்திருந்தார். அவர் கலைத்துறையை விரும்பித் தெரிவுசெய்தார் என்றே பதிவேடு கூறும். கலைக்கல்வியை இழித்துரைக்கின்றேன் என்று என் தமிழாசிரிய நண்பர்கள் சினத்தல் வேண்டா. அவர் விரும்பியது எந்திரவியலை என்பதே என் முறைப்பாடு.

மாவட்டப் பங்கீடு இக்குறையைத் தீர்க்கவில்லையா எனச் சிலர் கேட்பர். கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வகுக்கப்பட்டுள்ளன. நல்லதே. ஆயின் விஞ்ஞானப் பரீட்சைக்குத் தோற்றியவனுக்கே அப்பங்கீடு உதவும். அப்பாடங்களைக் கற்க வழியே இல்லாதவனை அது சென்று சேர்வதில்லை.

எம் கல்லூரிக்கோ ஆய்வுகூடமும் உண்டு, விடுதியும் உண்டு. விழா நிதியைக் கொண்டு மண்டபத்தின் முகப்பைப் புதுப்பிக்கலாம் என்று பழைய மாணவர் சிலர் பேசிக்கொள்ளுகின்றனர். முகப்பு இன்னும் பத்தாண்டு பொறுக்கும். விஞ்ஞானப் பிரிவில்லாத பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் பத்து மாணவரையேனும் தெரிந்தெடுத்து, உயர்தரப் பரீட்சை முடியும்வரை ஊணும் உறையுளும் நூலும் அந்நிதியிலிருந்து அளித்தல் வேண்டும். அதனால் எம் பிள்ளைகளுக்கு உரிய இடம் குறையுமே என்று முணுமுணுப்போரும் இருப்பர். குறையத்தான் செய்யும், அதை மறைத்துப் பேசுதல் முறையன்று.

ஒன்றுமட்டும் நிருவாகத்தார் கருத்திற் கொள்ளுதல் நன்று. விண்ணப்பங்களைச் சாதாரணதரப் பெறுபேறு வெளிவந்த வாரத்திலேயே கோருதல் வேண்டும். ஒரு மாதம் தாழ்ப்பின், பிள்ளை ஊர்ப் பாடசாலையிற் கலைப்பிரிவிற் சேர்ந்திருப்பான்.