பறிபோகும் கோமாளி மீன்கள்

எமது நாட்டின் கடல்சார் அலங்கார மீன் ஏற்றுமதி குறித்துப் பேசப்படும்போதெல்லாம் அது ஈட்டித்தரும் அந்நியச் செலாவணியே முன்வைக்கப்படுகின்றது. பிடிக்கப்படும் மீன் எத்தகையது, எவ்வாறு வாழ்கின்றது என்ற கேள்வி எழுவது அபூர்வம்.

செம்மஞ்சள் உடலும், கண்ணுக்குப் பின்னால் ஒற்றை வெள்ளைப் பட்டையும், கறுத்த வயிறும் கொண்ட கோமாளி மீனினம் ஒன்று எமது முருகைக்கற்பாறைகளில் வாழ்கின்றது. 11 சென்ரிமீற்றருக்கு மேல் அது வளர்வதில்லை. மாலைதீவு, இலட்சத்தீவுகள், இலங்கை ஆகியவற்றைச் சூழ்ந்த கடலில் மாத்திரமே அது காணப்படுகின்றது. ஏனைய கோமாளி மீன்களுள் சில பலவகைக் கடலனிமனிகளில் குடியேற வல்லவை. இதுவோ ஒரே இனக் கடலனிமனியின் நச்சுக் கரங்களுக்கிடையிலேயே அடைக்கலம் தேடுகின்றது. உடலைப் போர்த்துள்ள சளிப்படை அந்த நச்சிலிருந்து அதனைக் காக்கின்றது.

ஒரு கடலனிமனியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், எஞ்சியவை இனம்பெருக்காது தம் முறைக்காகக் காத்திருப்பவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும். காத்திருந்தவற்றுள் பெரியது ஆணின் இடத்தைப் பெறும். (2003 இல் வெளியாகி இம்மீன்களுக்கு உலகப் புகழ் தேடித்தந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தில், தாயை இழந்த குஞ்சின் தந்தை இறுதிவரை தந்தையாகவே இருந்துவிடுகின்றது.) முட்டைகளைப் பெரும்பாலும் ஆணே காக்கின்றது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் வெளிவரும் குஞ்சுகள் நீரோட்டத்தில் அலைந்து, பின்னர் வேறொரு கடலனிமனியைக் கண்டடைய வேண்டும்.

எனவே பெரிய மீன்களைப் பிடித்துச் சென்றால் அக்கூட்டத்தின் இனப்பெருக்கம் நீண்டகாலம் தடைப்படுகின்றது. கூட்டம் முழுவதையும் அள்ளிச் சென்றால் இல்லம் வெறுமையாகின்றது. கடலனிமனியையே பெயர்த்தெடுத்தால், பல தசாப்தங்கள் உயிர்வாழக்கூடிய அந்த இல்லமே இல்லாது போகின்றது. முருகைக்கற்களின் மேல் கவிழ்த்து அவற்றை நொருக்கும் மொக்சி வலை 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் ஒழுங்குவிதிகளால் தடைசெய்யப்பட்டதாகும். ஆனால், விதி எழுதப்பட்டிருப்பதும் கடலில் அது நடைமுறைப்படுத்தப்படுவதும் வேறு வேறு.

வெப்பமும் இம்மீனின் எதிரியே. 1998 இல் கடல்நீர் சூடேறியபோது மாலைதீவிலும் இலங்கையிலும் ஆழங்குறைந்த பகுதிகளின் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. 2016 இலும் அது மீண்டும் நிகழ்ந்தது. 2024 இல் உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது. முருகைக்கற்களைப் போன்றே கடலனிமனிகளும் வெளிறுகின்றன.

சுழியோடிகளை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நாம் ஏற்றுக்கொள்ள மாட்டோம். ஆழ்கடலிலிருந்து அவசரமாக மேலெழுவதால் மூட்டுவலிக்கும் பக்கவாதத்துக்கும் ஆளாகும் ஆபத்தைச் சுமப்பவர்கள் அவர்களே. கிழக்கில் யுத்தகாலக் கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னர் கடலை நம்பி மீண்ட தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு மாற்று வழி காட்டாது தடைகளை மாத்திரம் விதிப்பது நியாயமாகாது.

மாற்று வழி இல்லாமலில்லை. கோமாளி மீன்களைத் தொட்டிகளில் பெருக்கும் முறை உலகில் நீண்டகாலமாக வழக்கிலுள்ளது. கடலுக்கு அப்பால், மண்டபத்திலுள்ள இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் அதனைச் செய்து காட்டியுள்ளது. கடலனிமனிகளைப் பெயர்த்தெடுப்பதை முற்றாக நிறுத்தி, கரையோரக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு அத்தகைய பண்ணைகளை அமைத்துக் கொடுக்குமாறு கடற்றொழில் அமைச்சை நாம் கோருகின்றோம். முதலாவது பண்ணை கிழக்கிலேயே அமைய வேண்டும்.