நாற்பதைக் கடந்த பின்

நம் பழம்புலவர்கள் பெண்ணின் வாழ்நாளை ஏழு பருவங்களாக வகுத்தனர். பேதை என்னும் சிறுமியாகத் தொடங்குகிறவள், பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை எனப் படிப்படியாக வளர்கிறாள். 32 முதல் 40 வயது வரை பேரிளம்பெண் எனப் பெயர் பெறுகிறாள். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு இது. அத்துடன் கணக்கு முடிந்துவிடுகிறது. 41 வயதுப் பெண்ணுக்கு அங்கே பெயரே இல்லை! உலா வரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்கு அவள் தேவைப்படவில்லை போலும்.

புலவர்களை விட்டுவிடுவோம். நம் இல்லங்களிலும் வேலைத்தலங்களிலும் இதே வழக்கம் இன்றும் நீடிப்பதுதான் வருந்தத்தக்கது. பூப்பெய்திய மகளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறோம். கருவுற்றவளுக்கு வளைகாப்பு நடத்துகிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்கிறோம். மாதவிலக்கு நிற்கும் காலத்தை அடைந்தவளுக்கு மட்டும் எதுவும் கிடையாது. "வயதாகிவிட்டது, எரிந்து விழுகிறாள்" என்னும் பேச்சு ஒன்றே அவளுக்கு வாய்க்கிறது.

அக்காலத்தில் அவள் உடலில் நிகழ்வது என்ன? சூலகங்கள் மெல்ல ஓய்கின்றன. அவை சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதிற்குள் மாதவிலக்கு நிற்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் நின்றுவிட்டது எனக் கொள்வது மருத்துவ வழக்கு. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொல்லைகள் தலைகாட்டத் தொடங்கும். மார்பிலிருந்து முகம் வரை திடீரென அனல் பரவும். சில நிமிடங்களில் வியர்த்துக் கொட்டி அடங்கும். நள்ளிரவில் இது நேர்ந்தால் உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் மறுநாள் மறதியும் சினமும் வருவதில் வியப்பென்ன? சிலருக்கு மாதவிலக்கு நாள் தவறி வந்து, வரும்போது வெள்ளமாய்ப் பெருகும். மூட்டு வலி, படபடப்பு, சிறுநீரை அடக்க முடியாமை எனப் பலவும் உண்டு. எலும்பும் வலுவிழக்கத் தொடங்குகிறது. அது மட்டும் ஓசையின்றி நடப்பதால், எலும்பு முறியும் வரை எவர்க்கும் தெரிவதில்லை.

எல்லாப் பெண்களும் ஒரே வகையாகத் துன்புறுவதில்லை. சிலர் ஒரு தொல்லையும் இன்றிக் கடந்துவிடுகின்றனர். மார்கரெட் லாக் என்னும் மானிடவியல் அறிஞர் ஜப்பானியப் பெண்களிடையே நிகழ்த்திய ஆய்வை 1993 இல் நூலாக வெளியிட்டார். அனல் பரவுவதைக் காட்டிலும் தோள் இறுக்கத்தையே அப்பெண்கள் மிகுதியாகக் கூறினராம். நம் பெண்களோ கை கால் குடைச்சல், உடம்பெரிச்சல் என்பார்கள். ஆகவே, மருத்துவரிடம் செல்கிறவள் புத்தகச் சொல்லைத் தேட வேண்டியதில்லை. தன் சொல்லில் சொன்னால் போதும்.

இனி, இப்பருவத்தில் உழைப்பவளின் நிலையைப் பார்ப்போம். அலுவலகத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பவளை மட்டும் மனத்திற்கொண்டு எழுதுவது எளிது. நம் மாவட்டத்துச் சித்தேரி மலைக்குச் சென்று பார்த்தால் வேறொரு காட்சி விரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த அம்மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். சாமையும் தினையும் மரவள்ளியும் விளைக்கும் சரிவுகளில் களை பறிப்பதும் அறுப்பதும் சுமப்பதும் பெரிதும் பெண்களின் வேலை. மலையில் வேலை ஓய்ந்த மாதங்களில் கீழிறங்கிக் கூலிக்குச் செல்வோரும் உண்டு. 48 வயதுடைய ஒருத்தி அங்கே சித்திரை வெயிலில் குனிந்து நிற்கிறாள் என வைத்துக்கொள்வோம். வெளியே வெயிலின் அனல், உள்ளே உடம்பின் அனல். குடிக்கத் தண்ணீர் எடுத்துவர நேரமில்லை. தண்ணீர் குடித்தால் சிறுநீர் கழிக்க மறைவிடம் தேட வேண்டுமே என்றெண்ணிக் குடிக்காமலே இருந்துவிடுகிறாள். அதனால் நீர்க்கடுப்பும் சேர்ந்துகொள்கிறது. உட்கார்ந்தால் அரைநாள் கூலி போய்விடும். இவளுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரியுமா? எழுதினாலும் எவரிடம் கொடுப்பது?

கூலிக்கும் கருப்பைக்கும் இடையே உள்ள கொடிய தொடர்பை மராட்டிய மாநிலத்துப் பீட் மாவட்டம் நாட்டுக்குக் காட்டியது. அங்கிருந்து ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் கரும்பு வெட்டச் செல்லும் குடும்பங்கள் பல. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே அரிவாளாகக் கணக்கிடப்படுவர். முன்பணம் இருவருக்கும் சேர்த்தே தரப்படும். ஒருவர் ஒரு நாள் வேலையை விட்டாலும் அபராதம். மாதவிலக்கு நாட்களில் ஓய்ந்திருக்க இயலாத பெண்கள் பலர், தம் கருப்பையையே அகற்றிக்கொண்டனர் என்னும் செய்தி 2019 இல் வெளிவந்தது. அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேர் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் 13,861 பேர் கருப்பை நீக்கப்பட்டவர்கள். ஆறில் ஒருத்தி! நாடு முழுவதையும் பார்த்தால், 2015-16 ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு மூவர் அளவினரே அவ்வறுவைக்கு உட்பட்டிருந்தனர்.

கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டால், ஐம்பதில் மெல்ல வரவேண்டிய முதுமைக்கால மாற்றங்கள் முப்பதிலேயே ஒரே நாளில் வந்து விழும். சூலகங்களை விட்டுவைத்தாலும் அவை சற்று முன்னதாகவே ஓய்ந்துவிடுவதுண்டு. எலும்பு தேய்ந்து, இடுப்பு வலித்து, முன்போல் கரும்பு வெட்ட இயலாமல் நிற்கிறாள் அவள். எந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ள உறுப்பை இழந்தாளோ, அந்த வேலையே கைவிட்டுப் போகிறது. பீகார், சட்டீசுகர், இராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிச் செய்யப்பட்ட இத்தகைய அறுவைகள் குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா 2013 இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பளித்தது. நடுவண் அரசின் நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் மாநிலங்கள் ஏற்றுச் செயற்படுத்த வேண்டும் என்பது ஆணை.

நம் பகுதியிலும் கரும்பு உண்டு. அரூர்ப் பக்கத்துக் கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா பெயரால் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. பீட் மாவட்டத்துக் கொடுமை இங்கே நடக்கிறது என்று நான் கூறவில்லை. ஆயினும், "பிள்ளை பெற்று முடித்தாகிவிட்டதே, இனி அது எதற்கு?" என்னும் பேச்சு நம் வீடுகளிலும் கேட்பதுதானே? பெரும்போக்குக்கு மாத்திரைகள் உள்ளன. கருப்பையினுள் பொருத்தும் மருந்துச் சாதனமும் உள்ளது. புற்றுநோய் போன்ற காரணம் இருந்தால் அறுவை வேண்டியதே. இல்லையெனில், கையெழுத்திடுமுன் இன்னொரு மருத்துவரையும் கேட்பது நலம். சூலகங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதற்கு மனைவி தயங்கினால் கணவர் கேட்கட்டும்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன? 1961 இன் மகப்பேற்று நலச் சட்டம் பேறுகாலத்திற்கு விடுப்புத் தந்தது, கருச்சிதைவுக்கும் தந்தது, குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைக்குப் பிற்பாடு இரண்டு வாரம் சேர்த்தது. அதன் இடத்திற்கு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே எல்லையில் நிற்கிறது. பிள்ளை பெறுதல், பெறாதிருத்தல் என்னும் இரண்டுக்கும் வழி சொன்ன சட்டம், அதற்குப் பிந்தைய வாழ்வைக் கண்டுகொள்ளவில்லை. பாட்டியல் புலவர்களின் கணக்கைப் போலவே! நம் ஊரார் பலர் பிழைக்கச் செல்லும் கருநாடகத்தில், மாதந்தோறும் ஒரு நாள் ஊதியத்துடன் மாதவிலக்கு விடுப்புத் தர 2025 நவம்பரில் அரசு ஆணையிட்டது. அது 18 முதல் 52 வயது வரை உள்ள பணிப்பெண்களுக்கு உரியது. பெங்களூரில் கட்டடத்தில் கல் சுமக்கும் தருமபுரிப் பெண்ணுக்கு அதனால் என்ன பயன் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிரித்தானியாவில் சற்று வேறுவிதமாகச் சிந்தித்திருக்கின்றனர். இப்பருவத்தின் தொல்லைகள் ஒருத்தியின் அன்றாட வாழ்வை நீண்டகாலம் பெரிதும் பாதிக்குமானால், 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி அது உடற்குறையாகக் கருதப்படலாம். அப்போது வேலைநிலையில் தக்க மாற்றம் செய்து தருவது முதலாளியின் கடமை என்று அந்நாட்டுச் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2024 பிப்ரவரியில் விளக்கம் வெளியிட்டது. உடற்குறை என்னும் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. இயற்கையான ஒரு பருவத்தை ஊனமாக்கினால்தான் நீதி கிடைக்கும் என்பது சங்கடமான ஏற்பாடு. ஆனால் ஏதோ ஒரு பெயரால் நாற்காலியும் காற்றும் கிடைத்தால் வேண்டாம் என்பார் யார்?

நாற்காலி என்றதும் நினைவுக்கு வருகிறது. துணிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார இருக்கை அளிக்க வேண்டும் என 2021 இல் தமிழகம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2018 இல் கேரளம் காட்டிய வழி அது. வெறும் இருக்கைதான்; ஆனால் அடிவயிறு கனத்து, கால் வீங்கி, இரத்தம் பெருகும் நாளில் அதன் அருமை நின்று பார்த்தவளுக்கே தெரியும். கிராமப்புற வேலை உறுதிச் சட்டம் 2005 இல் வந்தபோதும் குடிநீர், ஓய்வுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை வேலைத்தலத்தில் இருக்க வேண்டும் என்று எழுதித்தான் வைத்தனர். வேலைத்தலங்களில் நிழல் எங்கே என்று தேடியவர்கள் பெரும்பாலும் புளியமரத்தைத்தான் கண்டனர்.

வேலை தருவோரிடம் நாம் கேட்பது பெரிதன்று. கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, நினைத்தபோது சென்றுவர அனுமதி, குடிநீர்ப் பானை, இயன்றால் நிழல். செவிலியர்க்கும் ஆலைப் பெண்களுக்கும் இரவு முறையைச் சில மாதம் மாற்றித் தருதல். செயற்கை இழைச் சீருடைக்குப் பதில் பருத்தி. நம் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவோர் பிறர்க்கு முன்னே இதைச் செய்துகாட்டலாமே! 30 ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியை 50 வயதில் "இனி என்னால் முடியாது" என்று விருப்ப ஓய்வு கேட்கும்போது, காரணத்தை ஒரு பெண்ணைக் கொண்டு அன்புடன் விசாரிக்கச் செய்யுங்கள். ஆண் மேற்பார்வையாளரிடம் அவள் வாய் திறக்கமாட்டாள். அவள் சொல்வதைக் கேலிப்பொருளாக்குவோரை அங்கேயே கண்டித்து நிறுத்துவதும் நிர்வாகத்தின் வேலையே.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். ஹார்மோன் மருந்து என்றாலே புற்றுநோய் என்னும் அச்சம் 2002 இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. பின்னர் அவ்வாய்வு நுணுகிப் பார்க்கப்பட்டது. அறுபது வயதுக்குட்பட்ட, மாதவிலக்கு நின்று பத்தாண்டு ஆகாத, வேறு நோயற்ற பெண்ணுக்குத் தொல்லை கடுமையாயிருப்பின் தீமையைவிட நன்மை மிகுதி என்பதே இன்றைய மருத்துவர் பலர் கருத்து. மார்பகப் புற்றுநோய் கண்டவர்க்கும் இரத்தக்கட்டு நோயுள்ளவர்க்கும் அது ஆகாது. எனவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பொருளன்று. ஹார்மோன் அல்லாத மருந்துகளும் உள்ளன. உணவில் கேழ்வரகும் கீரையும் எள்ளும் சேர்வது எலும்புக்கு நல்லது. இவை நம் மலைகளிலும் சமவெளியிலும் விளைகின்றனவே. 2019-21 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்துப் பெண்களுள் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் எனக் கண்டனர். அச்சோகையோடு பெரும்போக்கும் சேர்ந்தால், களைப்பைச் சோம்பல் என்று ஏசுவது எத்துணை அநீதி!

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வரும் வழக்கம் ஏற்பட்டது. அத்தகையவர் வரும்போது அழுத்தத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். உறக்கமின்மையையும் பெரும்போக்கையும் அவரிடமே சொல்லலாம். மலைமீதுள்ள பெண்ணுக்கு அவரே முதல் மருத்துவ வாசல். ஒன்றை மட்டும் எவரும் ஒத்திப்போட வேண்டாம். மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், "மறுபடி வந்துவிட்டது" என்று சிரித்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கக் கூடும். சித்தேரியிலிருந்து அரூர் மருத்துவமனைக்கோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்று திரும்ப ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணமும் ஆகும். அந்த நாளின் கூலியைப் பிடிக்காமல் கொடுத்து அனுப்பும் மேஸ்திரி எவரேனும் இருந்தால், அவர் பெயரை அடுத்த இதழில் மகிழ்வோடு வெளியிடுவோம், எழுதி அனுப்புங்கள்.